கொடைக்கானல் ஏரியில் படகிலிருந்து பறவை பார்ப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

கொடைக்கானலுக்கு வருகிற பெரும்பாலானோர் ஏரியில் ஒரு படகு சவாரி போகாமல் திரும்புவதில்லை. அரை மணி நேரம் மிதித்து, நாலு படம் எடுத்து, இறங்கியதும் சோளக்கதிர் வாங்கப் போய்விடுகிறார்கள். அதே அரை மணி நேரத்தில் நிறைய நீர்ப்பறவைகளை நிதானமாகப் பார்க்கலாம். கரையில் ஆள் நடந்து வந்தால் செடிக்குள் நழுவிவிடும் தாழைக்கோழி, மெதுவாக மிதந்து வரும் படகை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஒரே நிபந்தனை, படகு ஓரத்தை ஒட்டியே போக வேண்டும்.

ஏன் ஓரம் என்றால், இது இயற்கை ஏரி இல்லை. மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்துக் கட்டியது. சுமார் 60 ஏக்கர் பரப்பில் நட்சத்திர வடிவில் கைகள் கைகளாகப் பிரிந்து கிடக்கிறது. நடுப்பகுதி ஆழம், அங்கே எப்போதாவது ஒரு நீர்க்காகம் தலை காட்டும், அவ்வளவுதான். கைகளின் நுனியில் ஆழம் குறைவு, நீர்ச்செடிகள் அதிகம். இரை அங்கே, பறவையும் அங்கே.

எப்போது வருவது

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வலசை வந்த பறவைகளும் இருக்கும். ஏப்ரல், மே சீசனில் படகுக்கும் கூட்டம், சத்தமும் அதிகம். முதல்முறை முயல்கிறவர்களுக்கு அந்த மாதங்களை நான் சொல்ல மாட்டேன். வெளியூர் வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுத்துவிட்டு வாருங்கள். 2024 மே 7 முதல் இந்த நடைமுறை இருக்கிறது.

முதலில் நடை, அப்புறம் படகு

படகுத்துறை திறப்பதற்குள் பறவைகளின் நாள் பாதி ஓடியிருக்கும். அதனால் விடிந்ததும் ஏரியைச் சுற்றியுள்ள சாலையில் நடந்துவிடுங்கள். முழுச் சுற்று ஏறக்குறைய 5 கிலோமீட்டர். எந்தக் கையில் தாழைக்கோழிகள் மேய்கின்றன, எந்த மரக்கிளையில் நீர்க்காகம் உட்கார்கிறது என்று பார்த்து வையுங்கள். பிறகு டிக்கெட் கொடுக்கத் தொடங்கியதும் முதல் ஆளாக ஏறி, நேராக அந்தக் கைக்குப் போங்கள். வெயில் ஏற ஏற காற்று எழும், தண்ணீர் அலையும். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

எந்தப் படகு

துடுப்புப் படகு, படகோட்டியோடு. மிதிபடகில் கால் வேலை செய்துகொண்டே இருக்கும், உடம்பு ஆடும், தொலைநோக்கி நிற்காது. படகோட்டியிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, ஓரமாவே போங்க. பறவை தெரிஞ்சா துடுப்பை நிறுத்திடுங்க, அது பாட்டுக்கு மிதக்கட்டும்.” தினமும் அந்தத் தண்ணீரிலேயே இருக்கிறவர் அவர். எந்தப் புதரில் எது இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும், கேளுங்கள். உயிர்காப்பு உடுப்பை இறுக்கக் கட்டிக்கொண்டு, தொலைநோக்கியின் வாரை அதற்கு மேலே போடுங்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் அவசரத்துக்கு வராது.

தொலைநோக்கி

இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

8×42 என்று போட்டிருப்பதை எடுங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10, 12 மடங்கு வாங்கினால் பறவை பெரிதாகத் தெரியும் என்று தோன்றும். ஆனால் கையின் நடுக்கமும் படகின் ஆட்டமும் சேர்ந்தே பெரிதாகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். 42ஐ 8ஆல் வகுத்தால் 5க்குச் சற்று மேல். அத்தனை மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றை கண்ணுக்கு வருகிறது. மப்பான மலைக் காலையில் இது நன்றாகவே உதவும்.

கரையிலேயே கண்ணுக்கு ஏற்றபடி சரிசெய்து விடுங்கள். வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் தூரத்துப் பலகை எழுத்து ஒன்றைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள். எழுத்து தெளிந்ததும் இடக்கண்ணை மூடி, வலப்பக்கக் கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். இனி நடுச்சக்கரம் ஒன்றே போதும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்வில்லையின் ரப்பர் விளிம்பை உள்ளே தள்ளிக்கொள்ளுங்கள்.

படகில் முழங்கைகளை விலாவில் ஒட்டி வைத்து உட்காருங்கள். பறவையை வெறும் கண்ணால் பிடித்து, பார்வையை எடுக்காமல் தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கீழே குனிந்து தொலைநோக்கியைத் தேடினால் பறவை தொலைந்துவிடும். குளிரில் கண்ணாடி மங்கினால் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், சற்று நேரத்தில் தானே தெளியும்.

திசை சொல்வது

“அதோ, அந்த மரத்துல” என்றால் கூட வந்தவருக்கு ஒன்றும் புரியாது; ஏரியைச் சுற்றி மரம்தான். படகின் முனையைப் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு, “ரெண்டு மணி, தண்ணிக்கு ஒரு அடி மேல” என்று சொல்லிப் பழகுங்கள். படகு மிதந்து திரும்பிக்கொண்டே இருக்கும் என்பதால், கடலில் போகிறவர்கள் கலங்கரை விளக்கத்தைப் பிடித்துக்கொள்வதுபோல, கரையில் அசையாத ஓர் அடையாளத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். படகுத்துறைக் கூரை நல்ல அடையாளம். காலை வெயில் முதுகில் படும்படி உட்கார்ந்தால் நிறம் தெரியும், எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும்.

எதைப் பார்ப்பது

முதல் நாளே எல்லாவற்றையும் அடையாளம் காண முயல வேண்டாம். இந்தச் சிலவற்றைப் பிடியுங்கள்.

தாழைக்கோழி: கருஞ்சாம்பல் உடல், நெற்றியில் சிவப்பு, அலகு நுனியில் மஞ்சள், விலாவில் வெள்ளைக் கோடு. நீந்தும்போது வாலை வெட்டி வெட்டிக் காட்டும். இளம் பறவைக்குச் சிவப்பு இருக்காது, பழுப்பாக இருக்கும்.

சின்ன நீர்க்காகம்: உடம்பு பாதி மூழ்கி, கழுத்து மட்டும் நீட்டிக்கொண்டு நீந்தும். இறகு தண்ணீரில் நனைந்துவிடுவதால், கிளையில் ஏறிச் சிறகை விரித்துக் காயப்போடும். அந்தக் கோலத்தில் பார்த்தால் சந்தேகமே வராது.

மீன்கொத்தியில் இரண்டு. வெண்மார்பு மீன்கொத்தி பெரியது, சிவந்த தடித்த அலகு; கம்பியில் உட்கார்ந்து பூச்சி, ஓணான் எல்லாம் பிடிக்கும். சிறுமீன்கொத்தி கைக்குள் அடங்கும் அளவு, வயிறு ஆரஞ்சு. தண்ணீரை ஒட்டி நேர்கோட்டில் நீலமாக ஒன்று பறந்தால் அது இதுதான்.

கரைக்கல்லில் மஞ்சள் வயிறும் நீள வாலுமாக ஒன்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தால் சாம்பல் வாலாட்டி. குளிர்காலத்துக்கு இமயமலைப் பக்கமிருந்தும் அதற்கும் வடக்கிலிருந்தும் வந்து தங்கும் பறவை. அதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மரியாதை வருகிறது, அந்தச் சின்ன உடம்பு எவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறது!

மடையான் என்ற சின்னக் கொக்கு அசையாமல் மண் நிறத்தில் நிற்கும். பறந்தால்தான் சிறகு வெள்ளை என்று தெரியும்.

கரைமரங்களையும் ஒரு பார்வை பாருங்கள். கருநீல ஆண் நீலகிரி ஈப்பிடிப்பான் கிடைத்தால் அதிர்ஷ்டம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது.

செய்யக் கூடாதவை

பொரி, பிஸ்கட் போடாதீர்கள். கூடு தெரிந்தால் படகை விலக்கச் சொல்லுங்கள். படத்துக்காகக் கைதட்டிப் பறக்கவிடுவதைப் பார்த்தால், கூட வந்தவராக இருந்தாலும் தடுத்துவிடுங்கள். குளிர்காலத்தில் ஒவ்வொரு வீண் பறத்தலும் அதன் தீனியிலிருந்துதான் கழிகிறது.

கரையேறியதும்

பார்த்ததை உடனே, பறவைப் பட்டியல்களைச் சேகரிக்கும் இ-பேர்ட் (eBird) செயலியில் பதியுங்கள்: நேரம், இடம், எத்தனை. ‘நிறைய’ என்று எழுதாமல் எண்ணிப் போடுங்கள். பொங்கல் விடுமுறையில் வந்தால் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் பட்டியலும் சேரும்.

கடற்பறவை பார்க்க ஆசை இருப்பவர்கள் இங்கே கை பழகிவிட்டு, அதே குளிர்காலத்தில் வத்தலக்குண்டு, மதுரை வழியாக ராமேஸ்வரம் இறங்கலாம். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் ஆலாக்களையும் பழுப்புத்தலைக் கடற்காகங்களையும் கரையிலிருந்தே பார்க்கலாம். அங்கே காற்று பலமாக இருக்கும், தொப்பிக்கு ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.