‘போர்ட் கிள்ளான்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்: கப்பலிலிருந்து தனியாக ஊருக்குள் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரிலிருந்து மூன்று நாள், நான்கு நாள் சொகுசுக் கப்பலில் போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. பயணத் திட்டத்தில் ஒரு நாளுக்கு நேராக ‘போர்ட் கிள்ளான் (கோலாலம்பூர்)’ என்று போட்டிருக்கும். அடைப்புக்குறிக்குள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும், இறங்கினால் கோலாலம்பூர், கொஞ்சம் நடந்தால் இரட்டைக் கோபுரம் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. அன்றைக்கு நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்த அடைப்புக்குறியில்தான் தொடங்குகின்றன.

கப்பல் நிற்கும் இடம் கோலாலம்பூர் இல்லை. போர்ட் கிள்ளான் ஊரும் இல்லை. பூலாவ் இண்டா என்ற தீவு. வெஸ்ட்போர்ட்ஸ் சரக்குத் துறைமுகம் இருக்கும் அதே தீவில்தான் பயணிகள் கப்பல் முனையமும் இருக்கிறது. பாலம் போட்டு நிலத்தோடு இணைத்திருப்பதால் தீவில் இருக்கிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. அங்கிருந்து கோலாலம்பூர் சுமார் 60 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் ஒரு மணி நேரம். நெரிசலில் மாட்டினால் ஒன்றரை, சில நாள் இரண்டு மணி நேரம் கூட ஆகும். முனையத்தைச் சுற்றி கடைத்தெருவோ பேருந்து நிறுத்தமோ எதிர்பார்க்க வேண்டாம். கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை அது. வாசலுக்கு வெளியே போய் வண்டி பிடிக்கலாம் என்று நடக்க ஆரம்பிக்காதீர்கள், குறிப்பாகக் குழந்தைகளோடும் பெரியவர்களோடும்.

அடுத்த தவறு ரயில். வரைபடத்தில் ‘போர்ட் கிள்ளான்’ என்ற ரயில் நிலையம் தெரியும். கே.டி.எம். கொமுட்டர் என்ற புறநகர் ரயில் அங்கிருந்து கோலாலம்பூரின் மைய நிலையமான கே.எல். சென்ட்ரல் வரை போகிறது. கட்டணமும் மிகக் குறைவு. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நிலையம் பழைய துறைமுக ஊரில், பூலாவ் கெத்தாம் தீவுக்குப் போகும் படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வரைபடத்தில் விரலால் அளந்தால் கப்பலுக்குப் பக்கம். சாலையில் சுற்றிப் போனால் சுமார் 20 கிலோமீட்டர். அந்தப் பழைய துறைமுகம்தான் நம் தாத்தா பாட்டி காலத்து ‘போர்ட் சுவிட்டன்ஹாம்’. 1972இல்தான் பெயர் மாறியது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ரஜூலா கப்பல் ஏறியவர்கள் இறங்கிய கரைகளில் அதுவும் ஒன்று. குடும்பத்தில் அந்தக் கதை இருந்தால் அந்த ஊரைப் பார்க்கவென்றே போகலாம். கோலாலம்பூருக்கு ரயில் பிடிக்க மட்டும் அங்கே போவதில் பெரிய பலன் இல்லை. ரயில்தான் வேண்டுமென்றால் காரில் கிள்ளான் நகரத்து நிலையத்துக்குப் போய் ஏறுங்கள். அங்கிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். ரயில்கள் அடிக்கடி இல்லை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு அரை மணி நேரத்துக்கு மேலும் காத்திருக்க நேரலாம். திரும்பும்போது அந்த அரை மணி நேரம்தான் உயிரை எடுக்கும். பெண்கள் தனியாகப் போனால், ரயிலின் நடுவில் பெண்களுக்கென்றே பெட்டி உண்டு.

சரி, கார். பெரும்பாலோர் வாடகைக் கார் அழைக்கும் கிராப் செயலியைத்தான் நம்பிப் போகிறோம். நல்ல வழிதான், ஆனால் அதைக் கரையிறங்கிய பிறகு போனில் ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். பதிவு செய்ய ஒருமுறைக் கடவு எண் உங்கள் இந்திய எண்ணுக்கு வரும். அந்த சிம் அங்கே வேலை செய்யாவிட்டால் எல்லாம் நின்றுவிடும். வீட்டிலேயே பதிவு செய்து, அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டு, மலேசியாவில் இயங்கும் இணைய வசதியோடு போங்கள். கையில் ரிங்கிட்டும் இருக்கட்டும், பத்து ரிங்கிட், இருபது ரிங்கிட் நோட்டுகளாக. செயலி காட்டும் தொகையோடு டோல் கட்டணம் தனியாகச் சேரும். அது ஏமாற்று இல்லை, அங்கே வழக்கமே அப்படித்தான். இதைத் தெரியாமல் ஓட்டுநரிடம் சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் இறங்கும் இடம் என்பதால் கிராப் கிடைக்கத் தாமதமாகலாம். அப்போதுதான் “சார், கே.எல். சிட்டி டூர்” என்று தமிழிலேயே பேசிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். தமிழ் கேட்டதும் நமக்கு ஒரு நிம்மதி வந்துவிடும். பலர் நேர்மையான ஓட்டுநர்கள்தான். ஆனாலும் ஏறுவதற்கு முன் நான்கு விஷயங்களைப் பேசி முடியுங்கள்: மொத்தத் தொகை எவ்வளவு, அது ஒரு ஆளுக்கா வண்டிக்கா, டோல் அதில் சேர்ந்ததா, திரும்ப எத்தனை மணிக்கு முனையத்தில் விடுவார். வண்டி எண்ணைப் படம் எடுத்து குடும்பத்தில் இன்னொருவருக்கு அனுப்புங்கள். பணத்தைத் திரும்பி வந்த பிறகு கொடுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து போனால், போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி என்று தேடுவதைவிட, ஒரே வண்டியை அன்று முழுக்கக் காத்திருக்கச் சொல்லிப் பேசுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஏனென்றால் போவது சுலபம். வருவதுதான் கஷ்டம். நகரத்திலிருந்து அந்தத் தீவுக்கு வர ஓட்டுநர்கள் தயங்குவார்கள். திரும்பும்போது அவர்களுக்குச் சவாரி கிடைக்காது.

இனி, தலைப்பில் சொன்னதற்கு வருகிறேன். அம்மா அப்பாவோடு போனபோது எனக்கு நேர்ந்தது இது. மாலை கிள்ளானிலிருந்து திரும்ப வண்டி பிடித்தோம். “எங்கே?” என்றார் ஓட்டுநர். “போர்ட் கிள்ளான், கப்பல்” என்றேன். அவரும் தலையாட்டினார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பழைய ஊரின் படகுத்துறை முன்னால் நிற்கிறோம். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை, நான் சொன்ன ஊருக்குத்தான் கொண்டுவந்து விட்டார். அப்பாவுக்கு முகமே வெளுத்துவிட்டது. அங்கிருந்து மறுபடி சுற்றி முனையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசி நேரத்துக்குக் கொஞ்ச நிமிடங்களே மிச்சம். இந்தத் துறைமுகத்துக்குப் பல வாயில்கள். வடக்கில் ஒன்று, பழைய ஊரில் ஒன்று, தீவில் ஒன்று. ‘பூலாவ் இண்டா, குரூஸ் டெர்மினல்’ என்று சொல்லுங்கள். போஸ்டெட் குரூஸ் சென்டர் என்ற பெயரும் உண்டு. அந்தக் காலத்து ஓட்டுநர்களுக்கு ‘ஸ்டார் குரூஸ் ஜெட்டி’ என்றால் உடனே புரியும். காலையில் இறங்கியதும் முதல் வேலையாக, நின்ற இடத்தைப் போன் வரைபடத்தில் சேமித்து, பெயர்ப் பலகையையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

நேரக் கணக்கில் செய்யும் தவறு இதைவிடப் பெரியது. கப்பல் கிளம்பும் நேரத்தைப் பார்த்துத் திட்டமிடுகிறோம். பார்க்க வேண்டியது எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம். அது பொதுவாக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாக இருக்கும். காலை 8 மணிக்குக் கப்பல் கரை சேர்ந்தால் குடிநுழைவு முடிந்து நீங்கள் வண்டியில் உட்கார 9.15 ஆகலாம். கோலாலம்பூர் 10.45. மாலை 4.30க்குள் ஏற வேண்டுமென்றால், மழைக்கும் நெரிசலுக்கும் இடம் விட்டு, 1.45க்குக் கிளம்பிவிட வேண்டும். கையில் இருப்பது மூன்று மணி நேரம். அதில் பத்துமலையும் இரட்டைக் கோபுரமும் கோலாலம்பூரின் லிட்டில் இந்தியாவான பிரிக்பீல்ட்ஸில் சாப்பாடும் அடங்காது. பத்துமலை நகரத்துக்கும் வடக்கே இருக்கிறது, 272 படிகள் வேறு. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தைப்பூசத்தை ஒட்டிய நாளென்றால் பத்துமலையை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புக்கெட் போய்விட்டு இங்கே வரும் கப்பலென்றால் கடிகாரத்தையும் கவனியுங்கள். தாய்லாந்து நேரம் மலேசியாவுக்கு ஒரு மணி நேரம் பின்னால். கடலில் போன் தானாக மாறாமலும் இருக்கலாம். கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று இறங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அவர்களைக் கொண்டுசேர்க்க ஏற்பாடு செய்யும். தனியாகப் போன நமக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் கையில் என்ன கொண்டு இறங்குகிறோம் என்பது முக்கியம். சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் நகலும் கப்பல் அட்டையும் பையில் இருக்கட்டும். கப்பலில் தரும் அன்றைய நிகழ்ச்சித் தாளில் துறைமுக முகவரின் எண் அச்சாகியிருக்கும், அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலைத் தவறவிட்டால் முதலில் அழைக்க வேண்டியது அந்த எண்ணைத்தான். பெரியவர்களின் மாத்திரை ஒரு நாளைக்கு வேண்டியதைவிட அதிகமாகவே கையோடு வரட்டும். மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை வருகைக்கு மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளங்கள் அரசுடையவை அல்ல. தெருவில் நடக்கும்போது பையைச் சாலைப் பக்கம் தொங்கவிடாதீர்கள். மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்கள் உண்டு. அவசரத்துக்கு 999.

இவ்வளவும் சொன்ன பிறகு என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களோடு போகிறீர்கள், கப்பல் நிற்பது எட்டு மணி நேரம்தான் என்றால் கோலாலம்பூரை விட்டுவிடுங்கள். கிள்ளானுக்குப் போங்கள். தூரம் பாதிக்கும் குறைவு, நெரிசலில் மாட்டினாலும் சமாளிக்கலாம். காலையில் முதலில் சுந்தரராஜப் பெருமாள் கோயில். மதியம் நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான கோயில் அது, அம்மா அங்கிருந்து எழுந்து வரவே மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் தெங்கு கெலானா சாலையின் லிட்டில் இந்தியா. புடவைக் கடை, பூக்கடை, வாழை இலைச் சாப்பாடு, எல்லாம் ஒரே தெருவில் நடக்கும் தூரத்தில். இரண்டு மணிக்கு வண்டியில் ஏறினால் மூன்றுக்கெல்லாம் கப்பலில் இருக்கலாம். ஓட்டுநரிடம் ‘பூலாவ் இண்டா’ என்று சொல்ல மட்டும் மறக்காதீர்கள்.