ஹெச்.ஐ.வி.யும் போதையும்: கை கால் மந்தமானால் வீட்டில் எப்படிப் பார்ப்பது?

நான் சென்னையில் பிசியோதெரபிஸ்ட். ஹெச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை போடுபவர்களும், போதையிலிருந்து மீண்டு வருபவர்களும் என்னிடம் நடைப்பயிற்சிக்கு வருகிறார்கள். கூட வரும் அம்மாவோ மனைவியோ முதலில் சொல்வது: "சட்டை பட்டன் போடவே ரொம்ப நேரம் ஆகுது மேடம். திரும்பப் போதை போட ஆரம்பிச்சுட்டான் போல." அந்தச் சந்தேகத்திலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன. தயவுசெய்து அளந்து பாருங்கள்.

ஹெச்.ஐ.வி. உடம்புக்குள் நுழைந்த சில வாரங்களிலேயே மூளைக்கும் போய்விடுகிறது. அங்கே காவல் செல்களான மைக்ரோக்ளியாவில் தங்கி, 'டாட்' போன்ற நச்சுப் புரதங்களைக் கசியவிடுகிறது. அதிகம் அடிபடுவது மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் காங்லியா என்ற பகுதி. அசைவைத் தொடங்குவதிலும் அதன் வேகத்தைச் சீராக வைப்பதிலும் அந்தப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அது இயங்க டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் வேண்டும். மெத் (மெத்தாம்ஃபெட்டமைன்), கோகெய்ன் ஆகிய போதைப்பொருள்கள் குலைப்பது அதே டோபமைனைத்தான். டாட் புரதமும் அங்கேயே கை வைக்கிறது. அதனால்தான் ஹெச்.ஐ.வி.யும் போதையும் சேர்ந்தவருக்கு விரல் மந்தமாகிறது, நடை தளர்கிறது.

இனி சோதனை. ஹெச்.ஐ.வி.யால் நினைவும் கை வேகமும் குறைகிறதா என்று பார்க்க, 2005-இல் வெளியான சர்வதேச ஹெச்.ஐ.வி. டிமென்ஷியா அளவுகோல் இருக்கிறது. அதற்கு ஒரு கடிகாரம் போதும். முதலில் தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு, அதிகம் பழகாத கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக விரித்து விரித்து, முடிந்த வேகத்தில் தட்டச் சொல்லுங்கள். 5 வினாடியில் 15 தட்டு வந்தால் 4 மதிப்பெண். 11 முதல் 14 வரை 3. 7 முதல் 10 வரை 2. 3 முதல் 6 வரை 1. அடுத்து மேசை மேல் முஷ்டியை வைத்து, உள்ளங்கையைப் பரப்பி, சுண்டுவிரல் பக்கமாகக் கையை நிமிர்த்துவது ஒரு சுற்று. 10 வினாடியில் 4 சுற்று முடித்தால் 4 மதிப்பெண், ஒவ்வொரு சுற்று குறைய ஒன்று குறையும். கடைசியில் அந்த நான்கு சொற்களைக் கேளுங்கள். தானாகச் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் 1, குறிப்பு கொடுத்தபின் சொன்னால் அரை. மொத்தம் 12. 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். நோய் உறுதி என்று பயந்துவிட வேண்டாம். போதையில் இருக்கும்போதோ, விட்டதால் உடம்பு முறிக்கும்போதோ இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

நடையையும் பாருங்கள். பின்னால் ஒருவர் பிடிக்கத் தயாராக நின்றுகொள்ள, பின்னோக்கி நாலு அடி வைக்கச் சொல்லுங்கள். ஐரோப்பிய நாடான லாட்வியாவில், போதைக்காக எஃபெட்ரின் என்ற மருந்தை பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோடு சேர்த்துக் காய்ச்சி ஊசி போட்டவர்கள் இதில்தான் தடுமாறினார்கள். 2008-இல் வெளியான ஆய்வில் அப்படிப்பட்ட 23 பேரில் 20 பேருக்கு ஹெச்.ஐ.வி. இருந்தது. ஆனால் அவர்கள் நடையைக் கெடுத்தது, பெர்மாங்கனேட்டிலிருந்து வந்து ஊசியில் கலந்திருந்த மாங்கனீசு என்ற உலோகம். ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக எல்லாப் பழியையும் அதன்மேலேயே போட்டிருந்தால் இது தெரிந்திருக்காது. நம் வீட்டிலும் அப்படித்தான்: என்ன போட்டார், எவ்வளவு காலம் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஹெச்.ஐ.வி. விவரத்தை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது.

மருந்துச் சீட்டில் ஹாலோபெரிடால் (மனநல மருந்து), மெட்டோக்ளோப்ரமைடு (வாந்தி மருந்து) இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். இவை டோபமைனைத் தடுக்கும் மருந்துகள், ஹெச்.ஐ.வி. உள்ளவருக்குக் கழுத்து இழுப்பும் விறைப்பும் எளிதில் வரும். வாந்திக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுவதை அறவே விடுங்கள். ஏ.ஆர்.டி.யையும், போதை மீட்புக்குக் கொடுக்கும் புப்ரெனார்பினையும் நீங்களாக நிறுத்தவே கூடாது.

ஒரு பக்கம் மட்டும் கை கால் விழுந்தால், வலிப்பு வந்தால், காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்து கால் பலமிழந்தால் அன்றே 108-ஐ அழையுங்கள். மூளையில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியால் வந்த கட்டியோ, ஊசி வழியாகப் போன கிருமியால் முதுகுத்தண்டில் சீழோ இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு, தாமதம்தான் காலைப் பறிக்கிறது.

வீட்டில் தரையில் வண்ண டேப்பைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டி, எண்ணிக்கொண்டே கோட்டுக்குக் கோடு எட்டி நடக்கப் பழக்குங்கள். பட்டனுக்குப் பதில் வெல்க்ரோ தைத்துக் கொடுங்கள். மதிப்பெண்ணையும் தேதியையும் ஏ.ஆர்.டி. புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி, அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போகும்போது டாக்டரிடம் நீட்டுங்கள். சந்தேகம் கேட்க ஹெச்.ஐ.வி.க்கு 1097, போதை மீட்புக்கு 14446.