காட் (வதிவிட அட்டை) இல்லாவிட்டாலும் பிரான்ஸில் வைத்தியம் உண்டு

தஞ்சக் கோரிக்கையை, அகதி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அரச அலுவலகமான ஒஃப்ராவும் நிராகரித்து, மேன்முறையீடும் சரிவரவில்லையா? அல்லது விசா முடிந்தும் இங்கேயே நிற்கிறீர்களா? அப்படியானால் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதே, பிடித்து அனுப்பிவிடுவார்கள்." தயவுசெய்து அதை நம்பாதீர்கள். வைத்தியரும் சமூகப் பணியாளரும் உங்கள் இரகசியத்தைக் காக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள்.

வதிவிட அனுமதி இல்லாதவர்களின் வைத்தியச் செலவை அரசே ஏற்கும் திட்டம் 2000ஆம் ஆண்டு முதல் இங்கே நடைமுறையில் இருக்கிறது. அதன் பெயர் எய்த் மெடிக்கால் தெத்தா (அரச மருத்துவ உதவி), சுருக்கமாக ஏ.எம்.ஈ. இதைப் பெற, பிரான்ஸில் தொடர்ந்து 3 மாதத்துக்கு மேல் அனுமதியில்லாமல் இருந்திருக்க வேண்டும். வருமானம், தனி ஆளுக்கு ஆண்டுக்கு 10,000 யூரோவுக்குச் சற்று மேலே உள்ள வரம்பைத் தாண்டக் கூடாது. பிள்ளைகளுக்கு இந்த 3 மாதக் கணக்கு இல்லை. தஞ்சம் கோரியபோது கிடைத்த காப்பீடு நிராகரிப்புக்குப் பிறகும் சில மாதங்கள் நீடிக்கும். அது முடியும் திகதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் இடறுவது 3 மாதம் இருந்ததை நிரூபிப்பதில்தான். வீட்டு ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்காது, சம்பளத் துண்டும் இருக்காது. பரவாயில்லை. பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை, ஒஃப்ராவின் கடிதங்கள், பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதம், உங்களைத் தங்க வைத்திருப்பவர் எழுதித் தரும் கடிதம் எல்லாம் உதவும். வந்த நாளிலிருந்து உங்கள் பெயரும் திகதியும் உள்ள ஒரு துண்டையும் எறியாதீர்கள். தபால் வர முகவரி இல்லையென்றால் மாநகரசபையின் சமூக உதவி நிலையத்திலோ அனுமதி பெற்ற சங்கத்திலோ முகவரிப் பதிவு செய்யலாம். முதல் விண்ணப்பத்தை நேரில் கொடுக்க வேண்டும். 2 மாதமாகியும் பதில் இல்லையென்றால் அது மறுப்பாகவே கணக்கு; உடனே மேன்முறையீடு செய்யுங்கள்.

ஏ.எம்.ஈ. அட்டை கிடைக்கும் முன்பே வருத்தம் வந்தால்? பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் 'பாஸ்' என்றொரு பிரிவு இருக்கும். காப்பீடு இல்லாதவர்களைப் பார்ப்பதற்கென்றே அமைந்த பிரிவு அது. லாச்சப்பலிலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள லாரிபுவசியேர் ஆஸ்பத்திரியிலும் உண்டு. அங்குள்ள சமூகப் பணியாளரே விண்ணப்பத்தையும் நிரப்ப உதவுவார். கர்ப்பிணிகளும் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் தாய் சேய் நல நிலையமான பி.எம்.ஐ.க்குப் போகலாம், காசு கேட்கமாட்டார்கள். உயிராபத்து என்றால் யோசிக்காமல் அவசர மருத்துவ உதவி எண்ணான 15க்கு அழையுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கூட இருக்கும் அண்ணையின் கார்த் வித்தாலை (மருத்துவக் காப்புறுதி அட்டையை) இரவல் வாங்கி வைத்தியரிடம் போகாதீர்கள். சட்டக் குற்றம் என்பது ஒருபுறம். உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவும் மருந்து ஒவ்வாமையும் அவருடைய கோப்பில் ஏறிவிடும். நாளைக்கு அவர் மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால், அந்தப் பிழையான கோப்பைப் பார்த்துத்தான் அவருக்கு மருந்து கொடுப்பார்கள். சீனி வருத்தத்தை மறைத்துக்கொண்டு ரெஸ்டோரண்ட் குசினியில் 12 மணிநேரம் நின்று, காலில் புண் முற்றிய பிறகு வருகிறவர்களை நினைத்தால் மனம் பதைக்கிறது. மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

ஏ.எம்.ஈ. இருந்தால் வைத்தியர், பரிசோதனை, ஆஸ்பத்திரி ஆகியவற்றின் அரச கட்டணம் முழுவதும் அடங்கும். பெரும்பாலான மருந்துகளும் அப்படியே. மூக்குக் கண்ணாடிக்கும் செயற்கைப் பல்லுக்கும் கிடைப்பது சொற்பம். கண்புரை, இடுப்பு மூட்டு மாற்றுதல் போன்ற அவசரமில்லாத சிகிச்சைகளுக்கு 9 மாதம் பொறுத்திருக்க வேண்டும். அட்டையைக் காட்டியும் பார்க்க மறுக்கும் வைத்தியர் சட்டத்தை மீறுகிறார். காப்புறுதி அலுவலகத்தில் முறையிடலாம்.

இந்தத் திட்டத்தை அவசரச் சிகிச்சையாகச் சுருக்க 2023 நவம்பரில் செனட் வாக்களித்தது. அது சட்டமாகவில்லை, ஆனாலும் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் இந்தப் பேச்சு எழும். வதந்தியைக் கேட்டு விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். அட்டை ஓராண்டுக்குத்தான் செல்லும். முடிய 2 மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கக் கொடுங்கள். பழைய அட்டைகளையும் பத்திரமாக வைத்திருங்கள். பிறகு வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது, அந்த ஆண்டுகளில் நீங்கள் பிரான்ஸில்தான் இருந்தீர்கள் என்பதற்கு, அந்த அட்டையை வழங்கும் அரச அலுவலகமான பிரிஃபெக்சரில் அவையும் சாட்சி.