சைக்கிள் பட்டறைக்கு ஆள் சேர்ப்பது எப்படி

மதுரைப் பக்கம் பழைய சைக்கிள் கிடைப்பது பெரிய விஷயமே இல்லை. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள், பிள்ளை கல்லூரிக்குப் போனதும் மாட்டுத்தொழுவத்துச் சுவரில் சாய்ந்துவிடும். இரண்டு டயரிலும் காற்று இருக்காது, சீட்டில் கோழி ஏறி உட்கார்ந்திருக்கும். கேட்டால் கொடுத்துவிடுவார்கள். இடமும் கிடைத்துவிடும்: ஊர்ப் பொதுக்கட்டடத்துத் தாழ்வாரமோ, யாராவது ஒருவர் வீட்டுக் காலி ஷெட்டோ போதும். அப்படியிருந்தும், பழைய சைக்கிளைச் சரிசெய்து பிள்ளைகளுக்குக் கொடுக்க ஊர் சேர்ந்து நடத்துகிற சைக்கிள் பட்டறை சீக்கிரமே பூட்டிக் கிடக்கிறது என்றால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். எல்லாரும் எல்லா வேலையையும் பார்க்கிறார்கள், எதற்கும் பொறுப்பாள் கிடையாது. மேஸ்திரி, வாசலில் நிற்பவர், சாமான் பார்ப்பவர், பழகுகிற பிள்ளைகள், ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், கணக்கு எழுதுபவர் என்று ஆளைப் பிரித்துக்கொண்டால் ஒரு தாழ்வாரத்திலேயே நன்றாக நடத்தலாம்.

மேஸ்திரி

முதலில் தேட வேண்டியது இவரைத்தான். வாடகை சைக்கிள் கடை வைத்திருந்து மூடியவர்கள் திருமங்கலத்திலும் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் இன்னும் இருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஓவராயில் (சைக்கிளை முழுக்கப் பிரித்து மாட்டுவது) பார்க்கிற கை அவர்களுடையது. அவரைச் சேவைக்கு என்று சும்மா கூப்பிடாதீர்கள். கூலி கொடுக்காத ஆளிடம் "ஏண்ணே போன வாரம் வரல?" என்று கேட்க முடியாது. உங்கள் ஊரில் கொத்தனாருக்கு என்ன கூலியோ அதை அரைநாள் கணக்கில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கொடுங்கள். மற்ற எல்லாரும் சம்பளமில்லாமல் வரலாம்.

அவர் வேலை கற்றுக்கொடுப்பது. இதை முதல் நாளே பேசிவிடுங்கள். இல்லையென்றால் பையன் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொள்வார். சைக்கிள் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் பையன் ஒன்றும் கற்றிருக்க மாட்டான். பழகுகிறவர் முடித்த பிறகுதான் மேஸ்திரி கை வைக்க வேண்டும். கடைசியாக அவர் சரிபார்த்து, ஹேண்டில்பாரில் கட்டிய அட்டையில் கையெழுத்துப் போடாமல் எந்தச் சைக்கிளும் வெளியே போகக் கூடாது.

இன்னொரு சிக்கல், பேச்சில் வருவது. அவர் சொல்வது காட்டர் பின் (பெடல் கையை அச்சோடு பூட்டும் ஆப்பு), கோன் (சக்கர அச்சில் மாட்டும் கூம்பு), வால் டியூப் (காற்று வால்வில் மாட்டும் ரப்பர் குழாய்). பிள்ளைகள் யூடியூபில் பார்ப்பது கியர் சைக்கிள், அதில் காட்டர் பின்னும் வால் டியூபும் பெரும்பாலும் இல்லை. ஒரு பலகையில் தேய்ந்த சாமான்களைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, கீழே கடைப்பெயரை எழுதி மாட்டிவிடுங்கள்.

வாசலில் நிற்பவர்

மேஸ்திரிக்கு அடுத்து முக்கியமானவர் இவர். வேண்டாம் என்று முகம் சுளிக்காமல் சொல்லத் தெரிய வேண்டும். வருகிற சைக்கிளையெல்லாம் வாங்கிப் போட்டால் மூன்றே மாதத்தில் அது காயலான் கடை ஆகிவிடும். ஒரு மேஸ்திரி, நாலு பழகுநர் என்றால் வேலை முடியாத சைக்கிள் பன்னிரண்டுக்கு மேல் நிற்கக் கூடாது. ஒன்று வெளியே போனால்தான் அடுத்தது உள்ளே.

ஒரு சைக்கிளுக்குப் பத்து நிமிடம் போதும். முதலில் பேப்பர்: கொடுப்பவர் பெயர், போன், "என்னுடைய சைக்கிள், விருப்பப்பட்டுத் தருகிறேன்" என்று ஒரு வரி, கையெழுத்து. பிரேம் நம்பர் பெரும்பாலும் பெடல் அச்சுக் கூட்டின் அடியிலோ சீட் குழாயின் மேல்முனையிலோ குத்தியிருக்கும். கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துப் படித்து எழுதுங்கள். நம்பரை அரம் வைத்துத் தேய்த்திருந்தால் அந்தச் சைக்கிள் வேண்டாம், யார் கொண்டுவந்தாலும் சரி.

பிறகு சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு, ஹேண்டிலிலிருந்து பெடல் கூட்டுக்கு இறங்குகிற குழாயின் அடிப்பக்கத்தை, ஹேண்டில் முனைக்கு அருகில் விரலால் தடவுங்கள். பெயிண்ட் சுருங்கியிருந்தாலோ குழாய் லேசாக உப்பியிருந்தாலோ, முன்னால் எங்கோ மோதிய வண்டி. அதை ஓட விடக் கூடாது. பக்கவாட்டில் நின்று, முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்கைப் பாருங்கள், பின்னுக்குத் தள்ளியிருந்தால் அதே கதை. ரிம்மில் போக்ஸ் (சக்கரக் கம்பி) நிப்பிள் இருக்கிற ஓட்டையைச் சுற்றி ஸ்குரூடிரைவரால் குத்துங்கள். துரு பொடிப்பொடியாக உதிர்ந்தால் ரிம் போச்சு. கடைசியாக, பெடல் மாட்டியிருக்கும் கைகளான இரண்டு கிராங்கையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஒன்று மட்டும் ஆடினால் காட்டர் பின் பிரச்சினை, இரண்டும் சேர்ந்து ஆடினால் அச்சுக் கப் (பெடல் அச்சு சுழலும் கிண்ணம்). இவை இரண்டும் சரிசெய்யக் கூடியவைதான்.

பார்த்து முடித்ததும் சீட்டில் சாக்பீஸால் ஓர் எழுத்து. ஓடப்போவதற்கு "ஓ", உதிரிக்கு "உ", எடைக்கு "எ". பெரும்பாலும் "உ"தான் விழும். கொடுப்பவருக்கு அது வருத்தமாக இருக்கும், அதனால் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்: "ஐயா, இது முழுசா ஓடாதுங்கய்யா. சக்கரமும் செயினும் வேற ரெண்டு பிள்ளைகளுக்கு ஆகும். சம்மதம்னா வச்சிட்டுப் போங்க." தயங்கினால் எடுத்துப் போகட்டும்.

சாமான் பார்ப்பவர்

பொறுமையான ஆளாக, முடிந்தால் மளிகைக் கடையிலோ மருந்துக் கடையிலோ வேலை பார்த்தவராகத் தேடுங்கள். "இருபத்தாறு இஞ்ச் டயர்" என்று எழுதி வைக்கிறவர் இந்த வேலைக்கு ஆக மாட்டார். 26 × 1⅜ என்பது வேறு, 26 × 1.95 என்பது வேறு, ஒன்றின் ரிம்மில் மற்றது உட்காராது. டயரின் பக்கவாட்டில் பொடியாக 590 என்றோ 559 என்றோ அச்சிட்டிருக்கும். பெரியவர்கள் ஓட்டும் 28 × 1½ டயரில் 635 இருக்கும். அந்த மூன்று இலக்க எண்ணைத்தான் நோட்டில் எழுத வேண்டும். ரிம்மிலும் இதே கவனம் வேண்டும். பழைய கம்பி பிரேக் சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ், பின்சக்கரத்துக்கு 40. ஓட்டையை எண்ணாமல் ரிம் வாங்கினால் திருப்பிக் கொடுக்க இன்னொரு நாள் அலைய வேண்டும்.

பால்ஸ் (பேரிங் குண்டு) டப்பாக்களைக் கலக்க விடாதீர்கள். இந்த ரகச் சைக்கிளில் முன் ஹப்புக்கு (சக்கரத்தின் நடுக்கூடு) பக்கத்துக்கு 10 பால்ஸ், 3/16 இஞ்ச். பின் ஹப்புக்குப் பக்கத்துக்கு 9, கால் இஞ்ச். பெடல் அச்சுக்கு, பால்ஸைப் பிடிக்கும் வளையம் இல்லாமல் போட்டால் பக்கத்துக்கு 11, அதுவும் கால் இஞ்ச். பழைய பால்ஸையும் புதிய பால்ஸையும் சேர்த்துப் போட்டால் புதியது மட்டும் பாரம் தாங்கிக் கப்பைக் குழியாக்கிவிடும்.

நல்ல சாமான் எப்போதும் உதவிக்கு வருகிறவர்களின் சொந்த சைக்கிளுக்குத்தான் முதலில் போகும். திருட்டு என்று சொல்ல முடியாது, "சும்மா கிடந்துச்சேண்ணே" என்பார்கள். நோட்டில் எழுதாமல் ஒரு வாஷர்கூட வெளியே போகாது என்ற பழக்கம் முதல் வாரமே வந்துவிட வேண்டும். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைப் பெரிய டப்பாவில் வாங்காமல் சின்ன டியூபாக வாங்குங்கள். கத்திரி வெயிலில் திறந்த டப்பா இறுகிப் பசைக்கட்டி ஆகிவிடும்.

பழகுகிறவர்கள்

எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைகள், வேலையை விட்டு ஓய்ந்தவர்கள், யாராக இருந்தாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் பஞ்சர், பிறகு பிரேக், பிறகு ஹப், கடைசியில் பெடல் அச்சு. பிள்ளைகளுக்கு இத்தனை மணி நேரம் வேலை பழகினால் ஒரு சைக்கிள் சொந்தம் என்று கணக்கு வைப்பது நல்ல ஏற்பாடு. இருபது மணி நேரம் சரியாக இருக்கும். அதற்குள் ஒரு சைக்கிளைத் தானே பிரித்து மாட்டியிருப்பார்கள்.

பஞ்சர் எளிது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இங்கே பஞ்சருக்குக் காரணம் சீமைக் கருவேல முள்ளும் நெருஞ்சியும். கருவேல முள் டயருக்குள் ஒடிந்து, வெளியே தெரியாமல் நிற்கும். டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால் மறுநாள் அதே இடத்தில் பஞ்சர் ஆகும், பழி சொல்யூஷன் மேல் விழும். டயரின் உள்பக்கம் முழுக்கப் பழைய துணியால் துடைத்துக்கொண்டே வாருங்கள். விரல் வேண்டாம், கிழித்துவிடும். துணி மாட்டுகிற இடத்தில் முள் இருக்கும், அதைக் கட்டிங் பிளேயரால் பிடுங்குங்கள். டியூபை உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பக்குவம் வரும்வரை விடுங்கள். நிழலில் ஐந்து நிமிடம் ஆகும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுப் போடுவதுதான் எல்லாருடைய முதல் தப்பு. வால் டியூப் ரப்பரை ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றிவிடுங்கள். கடையிலேயே மலிவான சாமான் அது, இந்த வெயிலுக்குச் சீக்கிரம் வெடித்தும் போகும்.

ஹப்பில் கோனைக் கையால் முழுக்க இறுக்கி, பிறகு கால் சுற்றுத் திருப்பிவிட்டு, லாக் நட்டைப் பூட்டச் சொல்லுங்கள். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தால் காற்று வால்வின் பாரத்திலேயே அது மெதுவாகச் சுற்றிக் கீழே வந்து நிற்க வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஆட்டம் இருக்கவே கூடாது என்று இறுக்கிப் பூட்டினால் சில வாரத்திலேயே கோன் குழி விழும். ஹப்புக்குள் மண்ணெண்ணெய் ஊற்றுகிற பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். அன்றைக்கு லேசாக ஓடும், ஆனால் கிரீஸ் முழுக்கக் கழுவிப் போய்விடும்.

காட்டர் பின்தான் பிள்ளைகளை அழவைப்பது. நட்டை முழுக்கக் கழற்றிவிட்டு மரையின் மேலேயே சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும், பின் வெளியே வராது. நட்டின் மேல்பக்கமும் பின்னின் முனையும் சமமாக வரும்வரை மட்டும் தளர்த்துங்கள். கிராங்குக்கு அடியில், பின் இறங்க இடம் விட்டு, ஓர் இரும்புக் குழாயை நிறுத்திவையுங்கள். குழாய் தரையில் உறுதியாக நிற்க வேண்டும். பிறகு ஒரே அடி, பலமாக. தட்டித்தட்டி அடிப்பதில் பின் வளையுமே தவிர இறங்காது. திரும்ப மாட்டும்போது இரண்டு பின்களும் எதிரெதிராகப் போக வேண்டும். ஒரே பக்கமாகப் போட்டால் பெடல்கள் நேர்க்கோட்டில் நிற்காது, ஓட்டினால் நொண்டுவது போல இருக்கும்.

இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். இதைச் சிவப்புப் பெயிண்டில் சுவரில் எழுதிவையுங்கள். எழுதினாலும் இரண்டு கிராங்க் வீணாகும்.

செயினை அடி ஸ்கேலால் அளக்கலாம். 24 கண்ணி சரியாக 12 இஞ்ச் இருக்க வேண்டும். 12 1/16 வந்துவிட்டால் செயினை மாற்றுங்கள். 12 1/8 வரை விட்டால் முன் பல்சக்கரமும், பின்சக்கரத்துப் பல்சக்கரமான பிரீவீலும் சேர்ந்து போயிருக்கும்.

ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்

பெண்களும் பெண் பிள்ளைகளும் கற்க வருவார்கள் என்றால், கற்றுக்கொடுப்பவர் ஒரு பெண்ணாக, முடிந்தால் போன வருடம்தான் தானே கற்றுக்கொண்டவராக இருப்பது நல்லது. பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தபோது, பெண்கள் கூட்டம் கூட்டமாக மைதானத்துக்கு வந்தார்கள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம். இரண்டு பெடலையும் கழற்றி, பாதம் முழுக்கத் தரையில் படும்படி சீட்டை இறக்கி, காலால் தள்ளிப் போகச் சொல்லுங்கள். பாலன்ஸ் வந்த பிறகு பெடலை மாட்டலாம். காய்ந்த கண்மாய் விசாலமாக இருக்கிறதே என்று அங்கே போகாதீர்கள், எல்லாம் முள். பள்ளிக்கூட மைதானத்தில் காலை எட்டு மணிக்கு முன்னால் நடத்துவதே நல்லது.

கணக்கு எழுதுபவர்

பண விஷயத்தில் சுருக்கமாகச் சில. சங்கமாகப் பதிய, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது 7 பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். ஏழு பேரும் ஒரே குடும்பம் என்றால் ஊர் நம்பாது. செக்கில் இரண்டு கையெழுத்து வையுங்கள். வரிச்சலுகைக்குப் பதிவு வாங்கியிருந்தாலும், ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகத் தருகிறவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. வாங்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். எடைக்குப் போட்ட இரும்புக்கும் ரசீது வேண்டும், ஊரில் பேச்சு கிளம்புவது அந்தப் பணத்தில்தான்.

தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவரின் பிழைப்பில் கை வைக்காதீர்கள். காசு கொடுத்து ரிப்பேர் பார்க்கக் கூடியவர்களை அவரிடம் அனுப்புங்கள், உங்களுக்குத் தேவையான சாமானை அவரிடமே வாங்குங்கள். மேஸ்திரி வராத நாளில் ஒரு சந்தேகம் என்றால் அவரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

நாள் பார்க்கும்போது பள்ளிக் கணக்கைப் பாருங்கள். பரீட்சை முடிகிற ஏப்ரல், மே மாதங்களில் சைக்கிள் சேகரிப்பு, ஜூனில் பள்ளி திறக்கும்போது கொடுப்பது. அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் ஒன்றும் வைக்காதீர்கள், மேஸ்திரி உட்பட ஒருவரும் வர மாட்டார்கள்.

சைக்கிளைக் கொடுக்கிற அன்றே, ஏழாம் நாள் தேதியை அட்டையில் எழுதிக் கையில் கொடுங்கள். புதிதாகப் போட்ட காட்டர் பின் முதல் வாரத்தில் கட்டாயம் இறங்கும், நட்டு தளரும். அப்படியே ஓட்டினால் கிராங்க் ஓட்டை நீள்வட்டமாகி, அப்புறம் எந்தப் பின்னும் நிற்காது. திரும்பி வந்ததும் காட்டர் பின் நட்டு, போக்ஸ், பிரேக் கட்டை, ஹேண்டில் என்று வரிசையாக இறுக்கிவிட்டு, அட்டையை வாங்கிக்கொண்டு நோட்டில் டிக் போடுங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு எட்டாம் நாள் வாசலில் நிற்பவர் ஒரு போன் போட வேண்டும்.