போகி வாரத்தில் விடைத்தாள் கட்டு வாங்காதீர்கள்

சென்னையில் வளிமண்டல வேதியியல் ஆய்வு செய்யும் முனைவர் பட்ட மாணவருக்குப் போகி ஆண்டுக்கு ஒரே விடியற்காலை. ஜனவரி நடுவில், காற்று அசையாத அந்த நேரத்தில், பாயும் டயரும் எரிந்த புகை மேலே எழாமல் தரையோடு தங்கிவிடும். அன்று மாதிரி எடுக்கத் தவறினால் அடுத்த மார்கழிக் கடைசிதான். அதே வாரத்தில் விடைத்தாள் திருத்தவும் தலையாட்டிவிட்டு விழிப்பவர்கள் ஏராளம். களப்பணித் தேதிகளைப் பருவத் தொடக்கத்திலேயே பாடம் நடத்தும் பேராசிரியரிடம் சொல்லிவிடுங்கள். திருத்தும் வேலையைத் தள்ளிப்போடலாம், போகியைத் தள்ளிப்போட முடியாது.

வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் ஆய்வகத்தில் நடக்கும் தவறுகள் இன்னும் மோசம், ஏனெனில் அவை கண்ணுக்குத் தெரியாது. நுண்துகள் படிந்த வடிதாளை எடை போடும் முன், வெப்பமும் ஈரப்பதமும் மாறாத அறையில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். அதைச் சுருக்கினால் துகள்கள் உறிஞ்சிய கடலோர ஈரமும் சேர்ந்து எடையாகும். உறைபெட்டியில் வைக்காமல் மேசையிலேயே விட்டுப் போனாலோ, துகள்களில் உள்ள அமோனியம் நைட்ரேட் என்ற உப்பு ஆவியாகி எடை குறையும். ஆவியாகிப் போனதைப் பிறகு மீட்க வழியில்லை.

கற்பித்தலில் பெரும்பாலும் நேரத்தைத் தின்பது ஸ்லைடு அலங்காரம். நெரிசலான சாலையோரத்தில் ஓசோன் ஏன் குறைவாக இருக்கிறது என்று உங்கள் தரவிலிருந்தே ஒரு வரைபடம் காட்டுங்கள். வாகனப் புகையின் நைட்ரிக் ஆக்சைடு அதை அழிப்பது மாணவர்களுக்குத் தானே விளங்கும். அதற்காக அவர்களைச் சம்பளமில்லாத உதவியாளர்களாக்குவது நியாயமில்லை. ஆய்வையும் வகுப்பையும் இணைக்கிறோம் என்ற பெயரில் இது சகஜமாகிவிட்டது.

சமூகப் பணிக்கு எண்ணூர், மணலி பக்கத்துப் பள்ளிகளுக்கு காற்றிலுள்ள துகள்களை அளக்கும் மலிவான உணரியோடு போகிறவர்கள், ஈரம் மிகுந்த காலையில் அது காட்டும் எண்ணை அப்படியே பலகையில் எழுதிவிடுகிறார்கள். ஈரத்தில் துகள்கள் உப்பும். ஒளியை வைத்து அளக்கும் கருவி கூடுதலாகவே காட்டும். அந்த ஈரத்துக்கான திருத்தம் செய்த பிறகும் கவனம் தேவை. 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டம் கொண்ட நுண்துகள்களுக்கு (பி.எம். 2.5) ஒரு நாள் சராசரி வரம்பு இந்தியாவில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டலில் 15. அளவு 50 என்றால் நல்லதா கெட்டதா என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், இரண்டு வரம்புகளையும் சொல்லுங்கள். ஒன்றை மறைத்தால் அது அறிவியலாகாது.

மன்னிக்க முடியாதது, அளந்துகொண்டு போய்விடுவது. எந்த நாள்களில், எந்தக் கருவியால் அளந்தீர்கள், என்ன கிடைத்தது, பிழை எவ்வளவு இருக்கலாம் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள், ஆய்விதழுக்கு அனுப்புவதற்கு முன்பே.