பெயிண்ட் அடிக்கும் முன் சுவருக்குள் ஒளிந்திருக்கும் ஈரத்தைக் கண்டுபிடியுங்கள்

ஏற்காட்டில் சித்தி வீட்டுப் பீரோவை நகர்த்தியபோது பின்சுவர் முழுக்கக் கரும்புள்ளியாகப் பூசணம். அதே சுவருக்கு ஏற்கெனவே இரண்டு தடவை வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்திருந்தார். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தயவுசெய்து பணத்தைக் கொட்டாதீர்கள்.

முதலில் கண்ணால் பாருங்கள். தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரம் வரை வெள்ளையாக உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்தால், பெரும்பாலும் அஸ்திவாரத்திலிருந்து ஓதம் ஏறுகிறது. கூரைப் பக்கம் கறை என்றால் மொட்டை மாடியைப் பாருங்கள். சுவிட்ச் பெட்டி அருகே ஈரம் தெரிந்தால் தொடாதீர்கள், மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் ஃபாயில் சோதனை. சப்பாத்தி சுற்றும் அலுமினிய ஃபாயிலே போதும். சுவரின் மேற்பரப்பைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு அடிச் சதுரமாக ஃபாயிலை ஒட்டுங்கள். நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் போட வேண்டும், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள். அறையைப் பார்த்த பக்கம் வேர்த்திருந்தால், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது.

சித்தி வீட்டில் ஃபாயிலின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர், உள்பக்கம் காய்ந்திருந்தது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். பனிமூட்டத்துக்குப் பயந்து ஜன்னலை அடைத்து, உள்ளேயே கொடி கட்டித் துணி காயவைத்தால் அந்த ஈரம் எங்கே போகும்? பீரோவை அரை அடி முன்னே இழுத்தோம். துணிக்கொடி வராந்தாவுக்குப் போனது. வெயில் வந்ததும் ஜன்னலைத் திறக்கச் சொன்னேன்.

உள்பக்கம் நனைந்திருந்தால் குழாயைச் சந்தேகப்படுங்கள். இரவு எல்லாக் குழாயையும் மூடி, மேல்தொட்டி நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். யாரும் தண்ணீர் எடுக்காமலே காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு.

ஊசி வைத்த ஈரமானி வாங்கினால் ஒன்று கவனியுங்கள். அது மின்தடையைத்தான் அளக்கிறது, உப்புப் பூத்த சுவரில் அளவு கூடுதலாகக் காட்டும். காய்ந்த சுவரில் ஒரு தடவை குத்தி, அந்த அளவோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக, கறையின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து தேதி எழுதுங்கள். ஐப்பசி மழைக்குப் பின் கறை கோட்டைத் தாண்டியிருந்தால் வெளிச்சுவர் விரிசலிலிருந்து தேடத் தொடங்குங்கள்.