நெரிசலான ஸ்டேஷனில் சிக்னலை மாற்றப் போகிறீர்களா? பழைய ஒயரிலிருந்து தொடங்குங்கள்

ரிலே அறையை (சிக்னலையும் பாயின்ட்டையும் இயக்கும் மின் ரிலேக்கள் இருக்கும் அறை) எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் (மோதக்கூடிய பாதைகள் சேர்ந்து திறக்காமல் கம்ப்யூட்டரால் தடுக்கும் அமைப்பு) வைக்கப்போகிறோம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி மெஷின் என்றுதான். அது அப்புறம். முதலில் பிளானை எடுத்துக்கொண்டு யார்டு முழுக்க நடந்து ஒவ்வொரு பாயின்ட் (தண்டவாளம் பிரியும் இடம்), சிக்னல், லொக்கேஷன் பாக்ஸையும் (பாதையோரம் ஒயர்கள் வந்து சேரும் பெட்டி) நேரில் பாருங்கள். பல வருடங்களாக அவசரத்துக்குச் செய்த மாற்றங்கள் எல்லாமே வரைபடத்தில் ஏறியிருக்கும் என்று நம்பக் கூடாது. ஒயரை இணைக்கும் டெர்மினலில் ஒட்டியிருக்கும் பெயரையும் நம்ப வேண்டாம், மீட்டர் வைத்துப் பாருங்கள். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநகா பஜார் ஸ்டேஷனில் கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் போகச் சொல்லிப் பச்சை விழுந்தது, பாயின்டோ லூப் லைனுக்கு (வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் பக்கத்துப் பாதைக்கு) திரும்பியிருந்தது. முன்பு ஒரு முறை சிக்னல் சர்க்யூட்டை மாற்றியபோதும், பிறகு லெவல் கிராசிங் தடுப்பை மாற்றியபோதும் நடந்த தவறுகள்தான் காரணம் என்றது விசாரணை. 290 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

அடுத்து கன்ட்ரோல் டேபிள். எந்த ரூட்டுக்கு எந்தப் பாயின்ட் பூட்ட வேண்டும், எந்த டிராக் காலியாக இருக்க வேண்டும், எந்த எதிர் ரூட் தடைபட வேண்டும் என்பதெல்லாம் இதில்தான் இருக்கும். எழுதியவரே சரிபார்க்கக் கூடாது.

புது அறையைத் தனியாகக் கட்டுங்கள், கேபிளை இரண்டு வழியில் கொண்டுபோங்கள், தீ எச்சரிக்கைக் கருவிக்குப் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். 2015 ஜூனில் மத்தியப் பிரதேசத்தின் இட்டார்சியில் ரிலே அறை எரிந்தபோது நிலைமை சீராக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

பழையதிலிருந்து புதியதற்கு இணைப்பை மாற்றும் நாட்களில் இன்டர்லாக்கிங் இருக்காது. பாயின்ட்டை கிளாம்ப் போட்டுப் பூட்டி, ஆள் நிறுத்தி, வண்டியை மெதுவாகத்தான் விட முடியும், அதனால் ரயில்களைத் தாராளமாக ரத்து செய்து முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

சோதனையில் கட்டுப்பாட்டு பேனல் முன் ஒருவர், பாயின்ட் பக்கத்தில் ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். திரையில் தெரிவதும் தண்டவாளத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறியுங்கள். சரியான ரூட் கிடைக்கிறதா என்று பார்ப்பது சுலபம். வரக் கூடாத ரூட்டைப் போட்டுப் பார்த்து, அது வராமல் நிற்கிறதா என்று பார்ப்பதில்தான் நேரம் போகும், போகட்டும்.

கடைசியாகப் பழைய ஒயர். லண்டன் வாட்டர்லூ பாதையில் சிக்னலைப் புதுப்பித்தபோது ஒரு பழைய ஒயரை ஒரு முனையில் மட்டும் கழற்றினார்கள், வெட்டிச் சுருக்கவில்லை. அது பழைய டெர்மினலில் போய்த் தொட்டு, வண்டி நின்றிருந்த பாதையிலும் சிக்னலைச் சிவப்புக்குப் போகவிடாமல் வைத்திருந்தது; 1988 டிசம்பர் 12 அன்று கிளாப்ஹாம் ஜங்ஷன் அருகே 35 பேர் இறந்தார்கள். அந்த வேலையைச் செய்தவருக்கு 13 வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் ஓய்வு. வேறொருவர் ஒயர்களை எண்ணிப் பார்க்கவும் இல்லை. அதனால் இரண்டு முனையிலும் கழற்றி, முடிந்தால் வெளியே இழுத்தே போடுங்கள், இன்னொருவரை எண்ணச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க வேலை பார்த்தவரைக் காலையில் திரும்பக் கூப்பிடாதீர்கள், ஆள் போதவில்லை என்றால் திறப்பு விழாத் தேதியைத் தள்ளிவையுங்கள்.